தெல்தோட்டைப் பெரியம்மாவின் குரல்



என் அம்மாவின் குரல் என்னிடம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 2002ஆம் ஆண்டு சமாதான காலத்தில், எங்கள் வீட்டு ரேடியோப் பெட்டியில் ஒரு கசற்றைப் போட்டு, அம்மா பாடிய தாலாட்டைப் பதிந்து வைத்திருந்தேன். என் மூத்த மகளை மடியில் கிடத்திக்கொண்டு பாடியது அது. பாட்டின் நடுவில் ஒரு சேவல் கூவும். அம்மா சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவார். 2009 தை மாதம் தருமபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கொஞ்ச அரிசி இவற்றோடு அந்தக் கசற்றையும் ஒரு பையில் போட்டேன். விசுவமடு தாண்டும்வரை அந்தப் பை கையில் இருந்தது. பிறகு எந்த இடத்தில் விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. முகாமிலிருந்து திரும்பி இரண்டு வருடத்துக்குள் அம்மாவும் காலமானார்.

உங்களில் பலரிடமும் இப்படி ஒரு பை இருந்திருக்கும். அதில் என் கசற்றுக்குப் பதிலாக உங்கள் கல்யாணப் படமோ, மகனின் பள்ளிக்கூடக் கொப்பியோ இருந்திருக்கலாம்.

என் அம்மா வன்னியில் பிறந்தவர் அல்லர். கண்டிக்குத் தெற்கே, தெல்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நானும் அங்கேதான், 1975இல், லயத்துக் காம்பரா ஒன்றில் பிறந்தேன். 1977 ஆவணிக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்தன. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. அப்போது எனக்கு இரண்டு வயது. தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். "அது முடிஞ்சுபோன கதை" என்பார். நானும் விட்டுவிட்டேன். கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்தேன்.

சென்ற வருடம்தான் போனேன். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்த ஒருவர் இன்னும் அங்கே இருக்கிறார் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அம்மாவைவிட ஐந்து வயது மூத்தவராம். அதனால் எனக்குப் பெரியம்மா. அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதக்கூடாது என்று அவர் சொன்னார்.

கண்டியில் இறங்கியதும் நேரே தெல்தோட்டைக்குப் போகாமல், முதலில் அந்தானைக்குப் போனேன். 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை அங்கே 2001ஆம் ஆண்டு தேயிலை நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். கொழுந்து அரைத்த பெரிய இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. 1867இல் தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் இருக்கின்றன. நன்றாகத்தான் துடைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் என் அம்மாவைத் தேடிப்போன எனக்கு அந்த இரும்புகள் ஒன்றும் சொல்லவில்லை.

தேயிலைக்கு முன் அந்த மலைகளில் கோப்பி இருந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் அதிகம் ஆட்கள் தேவை. தமிழ்நாட்டிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் வந்து, வேலை முடிந்ததும் திரும்பிப் போனார்கள். இலைநோய் வந்து கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். எனவே குடும்பத்தோடு தங்கும் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். முக்கியமாகப் பெண்களின் கை வேண்டியிருந்தது. மலையகத் தமிழர் என்றொரு சமூகம் அந்த மலைகளில் வேரூன்றியதற்குப் பெண்ணின் விரல்கள்தான் காரணம் என்று நான் சொல்வேன். அந்த விரல்களுக்கு 1984வரை ஆண்களின் நாட்சம்பளத்தைவிடக் குறைந்த சம்பளமே கொடுக்கப்பட்டது. அதையும் பல வீடுகளில் புருஷன்மாரே போய்க் கைநீட்டி வாங்கினார்கள்.

பேராதனை, கலஹா என்று பஸ் வளைந்து வளைந்து ஏறித் தெல்தோட்டை வந்தது. ஒரே கடைத்தெருவில் தமிழும் சிங்களமும் முஸ்லிம் மக்களின் தமிழும் காதில் விழுந்தன. "பெரியம்மாவோட கதைக்க வந்தனான்" என்று நான் சொன்னதும் லயத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அங்கே 'பேசுறது'. நாங்கள் வன்னியில் 'கதைக்கிறது'. என் வாயிலிருந்து அம்மாவின் தமிழ் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

முதல்நாள் கைத்தொலைபேசியைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். பிளேன்டி குடித்தோம். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூக்கு அவ மூக்குதான் ஆயி" என்றார். பதிவுசெய்யலாமா என்று கேட்டபோது, "இதை வச்சு என்னா செய்யப் போற?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். என் பிள்ளைகளுக்கு வேண்டும். உங்கள் பேத்திக்கும் ஒரு பிரதி தருவேன். பத்திரிகையில் எழுதுவதானால் முதலில் உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன். நிறுத்து என்று நீங்கள் சொன்னால் நிறுத்துவேன்.

இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் முகாமில் இருந்த காலத்திலும் மீளக் குடியேறிய பின்னும் எத்தனை பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள்! ஒரே கேள்வியை ஐந்து நிறுவனங்கள் கேட்டன. அழுதால் அதையும் எழுதினார்கள். எழுதியதை ஒருவராவது திரும்ப வந்து எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. என் வாயால் நான் சொன்ன கதை இன்று எந்த அலுமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தத் தவறைப் பெரியம்மாவுக்கு நான் செய்யக்கூடாது.

வருடம் கேட்டால் வராது

இரண்டாம் நாள் பதிவைத் தொடங்கினோம். தொடங்கியவுடனேயே பிழைவிட்டேன். "பஞ்சம் வந்தது எந்த ஆண்டு, பெரியம்மா?" என்று கேட்டேன். "அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று வாயை மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளையின் முகம். எனக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு வேறுவிதமாகக் கேட்டேன்: "அப்போ உங்கள் சின்னவள் வயித்திலயா, மடியிலயா?"

"மடியில. பால் இல்ல." அவ்வளவுதான், கதை திறந்துகொண்டது. ரேசன் மாவு குறைந்தது, மரவள்ளிக்கிழங்கைக் கடன் வாங்கியது, பசியில் மலை ஏற முடியாமல் பாதிவழியில் உட்கார்ந்தது, தெல்தோட்டைக் கடையில் ஒரு முஸ்லிம் முதலாளி கணக்கில் எழுதாமல் மாவு கொடுத்தது எல்லாம் வந்தன. அது 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சம். பெரியம்மாவின் நாட்காட்டியில் அது 'சின்னவ பொறந்த வருசம்'. நாங்களும் அப்படித்தானே? இடம்பெயர்ந்த திகதியை மறந்திருப்போம். அன்று எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது நினைவில் இருக்கும்.

அடுத்த தொல்லை வீட்டிலிருந்தே வந்தது. நான் பெரியம்மாவிடம் கேட்ட கேள்விகளுக்குத் தாத்தா பதில் சொல்லத் தொடங்கினார். தொழிற்சங்கத் தலைவர்மாரின் பெயர்கள் மட்டும் ஒரு மணித்தியாலம் போனது. அவரையும் பதிந்தேன், வேறாக. பிறகு பெரியம்மாவும் நானும் பீலியடிக்குப் போய்விட்டோம். தண்ணீர்ச் சத்தம் பதிவில் இரைச்சலாக விழும் என்பதால் கொஞ்சம் தள்ளி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் திண்ணையில் உட்கார்ந்தோம். அங்கேதான் அவர் என் அம்மாவைப் பற்றிச் சொன்னார்.

கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோவைக் கழிப்பார்கள். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஒருநாள் அம்மா கூடையைத் தூக்கி, உள்ளே இருந்த கொழுந்து முழுவதையும் படங்கில் கொட்டிவிட்டு, "இப்ப வெறுங்கூடைய நிறுங்க, எவ்வளவு கழிக்கணும்னு எல்லாரும் பாப்போம்" என்றாராம். மலையே சிரித்ததாம். அம்மாவுக்கு அப்போது 22, 23 வயது இருக்கும். என் அம்மா அப்படிப் பேசிய பெண்ணா? எனக்குத் தெரிந்தவர் நிவாரண வரிசையில் யார் இடித்துத் தள்ளினாலும் ஒன்றும் பேசாமல் பின்னால் போய் நிற்பவர். இருவருக்கும் இடையில் என்ன நடந்தது?

அதையும் பெரியம்மா சொன்னார். 1977இல் ஓர் இரவு. கிராமத்துச் சிங்களப் பெண் ஒருவர் இரண்டு நாள் தன் குசினிக்குள் இவர்களை மறைத்து வைத்திருந்தார் என்பதுவரை பதிவில் இருக்கிறது. பிறகு பெரியம்மா கையை உயர்த்தி, "அதை நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன். அதன்பின் அவர் சொன்னதைக் கேட்டேன். அது என் அம்மாவைப் பற்றியது. எந்தப் பதிவிலும் இல்லை, இந்தப் பக்கத்திலும் வராது.

பிழையான வருடமும் ஒரு செய்திதான்

தெல்தோட்டையிலிருந்து அதிக தூரமில்லை ஹேவாஹெட்ட. அங்குள்ள முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் திகதி, சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்த நாட்களில், கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரால் சுடப்பட்டு இறந்தார். இதைப்பற்றி விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவியின் சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். பெரியம்மா இந்தச் சம்பவத்தைத் தன் மாமியாரிடமிருந்து கேட்டிருக்கிறார். ஆனால் அவருடைய கதையில் கோவிந்தன் செத்தது 'பிரஜாவுரிமையைப் பறிச்ச வருசம்'. அதாவது 1948. எட்டு வருடம் பிந்திவிட்டது.

திருத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். இத்தாலியில் தேர்னி என்ற உருக்காலை நகரத்தில் இதேபோல ஒன்று நடந்திருக்கிறது. 1949இல் லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி பொலிசாரால் கொல்லப்பட்டார். பல வருடங்களின் பின் அலெஸ்ஸாந்திரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அந்த ஊர் மக்களின் வாய்மொழியைப் பதிந்தபோது, பலர் அவன் செத்தது 1953இல் என்றார்கள். 1953தான் உருக்காலையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைநீக்கப்பட்ட வருடம். ஊரின் பெரிய காயம் எதுவோ, அந்த வருடத்திற்கு மக்கள் சாவையும் நகர்த்திவிட்டார்கள். பெரியம்மாவின் மாமியாரும் அதைத்தான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மீதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அக்கா ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்குமாகப் போன வீடுகள் உண்டு. கண்டி ஸ்டேசனில் ஏறித் தலைமன்னாருக்குப் போனவர்களின் ரயிலுக்குப் பெரியம்மா வைத்திருக்கும் பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அது அவர் மட்டும் சொல்லும் பெயரல்ல, எழுத்தாளர் மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுதிக்கும் அதையே தலைப்பாக வைத்தார். எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

வருடத்தை நான் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். அவருடைய வார்த்தையை அப்படியே விட்டேன்.

முன்னே நடந்தவர்கள்

இந்த வேலையை நான்தான் தொடங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் திரட்டிய பாடல்கள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக 1983இல் வந்தன. சொற்கள் பிழைத்தன. ஆனால் மெட்டைக் காகிதத்தில் வைக்க முடியாதே. 2007இல் கம்பளைப் பக்கத்தில், பழைய லயம் ஒன்றையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாகச் சமூக அபிவிருத்தி நிறுவனத்தினர் மாற்றினார்கள். அந்தானையில் இயந்திரங்களைப் பார்த்தவர்கள் அங்கும் போய் ஒரு காம்பராவின் அளவை நின்று பார்க்க வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் போல, வாய்மொழிப் பதிவுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2012, 2013ஆம் ஆண்டுகளில் 'ஹேர்ஸ்டோரீஸ்' என்ற திட்டத்தில் வடக்கிலும் தெற்கிலும் உள்ள தாய்மார் தங்கள் கதையைத் தங்கள் கையெழுத்தில் கடிதமாக எழுதினார்கள். முல்லைத்தீவுத் தாயின் கடிதத்துக்குப் பக்கத்தில் சிங்களத் தாயின் கடிதம். 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். முன்னோர் நடந்த அந்தப் பாதையில் வன்னியும் இருக்கிறது என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

உங்களில் யாராவது உங்கள் அம்மம்மாவையோ, மாமியையோ, அயல்வீட்டு ஆச்சியையோ பதிய விரும்பினால் பெரிய கருவிகள் தேவையில்லை. கையில் இருக்கும் தொலைபேசி போதும். காற்றாடியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுங்கள். தொடக்கத்திலேயே யார், எங்கே, என்ன திகதி என்பதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பத்து வருடத்தின் பின் அதுதான் உதவும். துயரத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் சமைத்த கறி, பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி, பள்ளிக்கூடம் விட்ட நாள் என்று தொடங்கலாம். ஒரு தடவையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். கையெழுத்தாக்கும்போது அவர் 'வந்தவை' என்றால் 'வந்தவை' என்றே எழுதுங்கள், 'வந்தார்கள்' என்று திருத்த வேண்டாம். பிரதி ஒன்றில் நம்பிக்கை வைக்கவே கூடாது. தொலைபேசியில் ஒன்று, பென் டிரைவ் ஒன்றில் இன்னொன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் மூன்றாவது. ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டவள் சொல்கிறேன்.

பெயர் வெளியே வந்தால் பேசியவருக்கு ஆபத்தோ அவமானமோ வருமென்றால் பெயரை எடுத்துவிடுங்கள். காணாமற்போன மகனைப் பற்றிப் பேசும் தாயிடம் இதை இரண்டு தடவை கேளுங்கள்: பதிந்த அன்று ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. மனம் மாற அவருக்கு உரிமை உண்டு.

கடைசி நாள் பெரியம்மாவைக் கொழுந்துப் பாட்டொன்று பாடச் சொன்னேன். பாயில் உட்கார்ந்து தொடங்கினார். இரண்டு அடியில் நின்றுவிட்டது. மறந்துபோச்சு என்றார். பேத்தி அவரைத் தேயிலைச் செடிகளுக்குக் கூட்டிப்போனாள். மட்டக்கம்பைப் பிடித்து, செடிக்கு முன்னால் நின்று, விரல்கள் தாமாக ஓடத் தொடங்கியதும் பாட்டு முழுவதும் வந்தது. அது கைக்குள் இருந்திருக்கிறது.

பிறகு பதிவைப் போட்டுக் காட்டினேன். தொலைபேசியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். "இது யாரு? எங்க மாமியா மாதிரி பேசுறா" என்று சிரித்தார். பேத்தியின் தொலைபேசிக்கும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். தாலாட்டு ஒன்றும் பாடச் சொல்லிக் கேட்டேன். பாடினார். அழகான தாலாட்டு. ஆனால் அம்மா பாடியது அது அல்ல. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"ஒங்கம்மா பாடுறது வேற ராகம் ஆயி. அது கீழ் டிவிசன் பாட்டு. பணிய லயத்துல ஒருத்தி இருக்கா, கண்ணு தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். காலையில கூட்டிக்கிட்டுப் போறேன். அந்த போனுக்குச் சார்ஜ் போட்டு வச்சிரு."